அமெரிக்க எதிர்ப்பு: உணர்வின் காரணமும் கொந்தளிப்பின் காரணமும்

அரபு நாடுகளில் அமெரிக்காவின் மீதுள்ள கசப்புக்கு வயது அதிகமில்லை. முதல் உலகப் போர் முடிந்து, உதுமானியப் பேரரசின் அரபுப் பகுதிகளை யார் ஆள்வது என்று வல்லரசுகள் பேரம் பேசிக்கொண்டிருந்த 1919-ஆம் ஆண்டுக் கோடையில், அமெரிக்க அதிபர் வில்சன் அனுப்பிய கிங்–கிரேன் ஆணையம் சிரியாவிலும் பாலஸ்தீனத்திலும் ஊர் ஊராகச் சென்று மக்களின் கருத்தைக் கேட்டது. 1,863 மனுக்கள் வந்தன. மனு கொடுத்தவர்களில் பெரும்பாலோர் கேட்டது விடுதலை. மேற்பார்வைக்கு ஒரு வெளிநாடு கட்டாயம் வேண்டுமென்றால் அமெரிக்கா வரட்டும், பிரான்சு மட்டும் வேண்டாம் என்பது டமாஸ்கசில் கூடிய சிரியப் பொது மாநாட்டின் நிலை. பெய்ரூத்தில் 1866-லேயே அமெரிக்கச் சமயப் பணியாளர்கள் ஒரு கல்லூரியைத் தொடங்கியிருந்தார்கள். அன்றைய அரபு மக்கள் அறிந்த அமெரிக்கா பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் நடத்திய நாடு; தங்கள் மண்ணில் ஒரு சாண் நிலத்தையும் பிடிக்காத நாடு. ஆணையத்தின் அறிக்கை 1922 வரை வெளிவராமல் கிடப்பில் கிடந்தது. அதற்குள் சிரியாவைப் பிரான்சும் பாலஸ்தீனத்தைப் பிரிட்டனும் பங்குபோட்டுக்கொண்டன.

இந்தத் தொடக்கத்தை மறந்துவிட்டு எழுதப்பட்டவை ஏராளம். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு இவர்கள் நம்மை ஏன் வெறுக்கிறார்கள் என்ற கேள்வி அமெரிக்காவெங்கும் கேட்கப்பட்டது. நம் சுதந்திரத்தை வெறுக்கிறார்கள் என்ற பொருள்பட அதிபர் புஷ் செப்டம்பர் 20 அன்று நாடாளுமன்றத்தில் விடை சொன்னார். அதற்கான அறிவுலக அடித்தளம் முன்பே போடப்பட்டிருந்தது. முஸ்லிம் உலகின் சினத்துக்குப் பழம்பெருமை சரிந்ததன் அவமானமே வேர் என்று பெர்னார்டு லூயிஸ் 1990-ல் எழுதினார். இனி மோதல் நாகரிகங்களுக்கு இடையில்தான் என்று சாமுவேல் ஹண்டிங்டன் 1993-ல் எழுதினார். எதிர்த்தரப்பின் வாதம் எளிமையானது: வெறுப்புக்குக் காரணம் அமெரிக்கா யார் என்பதல்ல, என்ன செய்கிறது என்பதே. வரலாற்றாசிரியர் உசாமா மக்தீசி போன்றோர் இதை ஆவணங்களோடு நிறுவ முயன்றார்கள். 2004-ல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆலோசனைக் குழு ஒன்றே, முஸ்லிம்கள் வெறுப்பது நம் சுதந்திரத்தை அல்ல, நம் கொள்கைகளை என்று தன் அறிக்கையில் ஒப்புக்கொண்டது. அதிபர் சொன்னதை அவருடைய துறையின் குழுவே மறுத்த அந்த அறிக்கை பெற வேண்டிய கவனத்தைப் பெறவில்லை.

கொள்கைகளின் பட்டியல் நீளமானது. 1945 பிப்ரவரியில் சூயஸ் கால்வாய்ப் பகுதியில் நின்ற போர்க்கப்பலில் ரூஸ்வெல்ட் சவூதி மன்னர் இப்னு சவூதைச் சந்தித்தார். எண்ணெயும் பாதுகாப்பும் ஒன்றோடொன்று பிணைந்த உறவு அதிலிருந்து வளர்ந்தது. 1948 மே 14 அன்று இஸ்ரேல் அறிவிக்கப்பட்ட சில நிமிடங்களில் ட்ரூமன் அதை அங்கீகரித்தார். 1967 போரின்போது எகிப்து, சிரியா, இராக் முதலிய நாடுகள் அமெரிக்காவுடன் தூதரக உறவை முறித்தன. 1973 போரில் இஸ்ரேலுக்கு விமானம் விமானமாக ஆயுதம் போனது. பதிலடியாக அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. 1990 முதல் 2003 வரை இராக் மீது பொருளாதாரத் தடை, பிறகு படையெடுப்பு, 2004-ல் இராக்கின் அபு கிரைப் சிறையின் சித்திரவதைப் படங்கள். 1996-ல் தொடங்கிய அல் ஜசீரா போன்ற தொலைக்காட்சிகள் 2000-க்குப் பின் பாலஸ்தீனக் காட்சிகளை ஒவ்வொரு கூடத்துக்கும் கொண்டுவந்தன.

இந்தப் பட்டியலில் சேராத ஓர் ஆண்டு உண்டு: 1956. சூயஸ் கால்வாயை எகிப்து அதிபர் நாசர் நாட்டுடைமையாக்கியதும் பிரிட்டனும் பிரான்சும் இஸ்ரேலும் எகிப்தின் மீது பாய்ந்தன. ஐசனோவர் தன் நெருங்கிய கூட்டாளிகளையே நெருக்கி வெளியேற வைத்தார். அப்போது அரபுத் தெருக்களில் அமெரிக்காவுக்குக் கிடைத்த மதிப்பு கொஞ்சநஞ்சமல்ல. நாகரிக மோதல்வாதிகள் விடை சொல்ல வேண்டிய இடம் இது. 1956-ல் மாறியது அமெரிக்காவின் மதமோ பண்பாடோ அல்ல.

ஆனால் கொள்கைவாதத்துக்கும் ஓட்டை உண்டு. குவைத்தை மீட்டது, பால்கனில் போஸ்னிய, கொசோவோ முஸ்லிம்களுக்காகத் தலையிட்டது ஆகியவற்றுக்கு அமெரிக்காவுக்கு அரபு உலகில் நற்பெயர் ஏன் வரவில்லை? சதாம் உசேன் தன் குடிமக்களைக் கொன்றபோது கெய்ரோவில் கூட்டம் ஏன் கூடவில்லை? 2002-ல் பாரி ரூபின் எழுப்பிய கேள்விகள் இவை. அவருடைய விடை: சொந்த நாட்டின் தோல்விகளை மறைக்க ஆட்சியாளர்களும் அவர்களை எதிர்க்கும் மதவாதிகளும் போட்டி போட்டுக்கொண்டு தயாரிக்கும் சரக்கே அமெரிக்க எதிர்ப்பு. இதில் பாதி உண்மை. மீதிப் பாதியை அவர் பார்க்கவில்லை. எகிப்தின் இராணுவத்துக்கு 1980-களின் பிற்பகுதியிலிருந்து ஆண்டுதோறும் ஏறத்தாழ 130 கோடி டாலர் அமெரிக்காவிலிருந்து வந்துகொண்டிருந்தது. 2011-ல் தஹ்ரீர் சதுக்கத்தில் கண்ணீர்ப்புகைக்கு நடுவே நின்ற இளைஞர்கள், கீழே உருண்ட குப்பிகளைப் பொறுக்கி அவற்றில் அமெரிக்கத் தயாரிப்பு என்று அச்சிட்டிருந்ததை நிருபர்களிடம் காட்டினார்கள். தங்கள் அரசின் மீதுள்ள கோபத்தையும் அமெரிக்காவின் மீதுள்ள கோபத்தையும் அவர்களால் பிரித்துப் பார்க்க முடியாததற்கு எந்த அரசின் பிரச்சாரமும் தேவைப்படவில்லை.

இந்த விவாதத்தை உரசிப் பார்க்க அரபு நாடுகளுக்கு வெளியிலும் சான்று தேட வேண்டும். இந்தியாவுக்கும் எகிப்துக்கும் அமெரிக்காவுடன் நேர்ந்த அனுபவம் ஒரு காலத்தில் வியப்பூட்டும் அளவுக்கு ஒன்றாக இருந்தது. அமெரிக்கக் கோதுமை பி.எல். 480 என்ற சட்டத்தின்கீழ் இரு நாடுகளுக்கும் வந்தது. 1964 டிசம்பரில் நாசர், எங்கள் கொள்கை பிடிக்காதவர்கள் கடல் தண்ணீரைக் குடிக்கட்டும் என்று போர்ட் சயீதில் முழங்கினார். விரைவிலேயே கோதுமைக் கப்பல்கள் தடைப்பட்டன. 1965–66-ல் இந்தியாவில் மழை பொய்த்துப் பஞ்சம் வாசலில் நின்றபோது, வியட்நாம் போரை இந்தியா விமர்சித்ததில் எரிச்சலுற்ற அமெரிக்க அதிபர் ஜான்சன் கோதுமையை மொத்தமாக அனுப்பாமல் மாதக் கணக்கில் அளந்து அனுப்பினார். கப்பலில் வந்தது நேரே வாய்க்குப் போகும் நிலை. சோறு போட்டவனே அதைச் சொல்லிக் காட்டினால் வரும் கசப்பு டெல்லியில் இருந்தவர்களுக்கு அப்போது நன்றாகவே தெரிந்தது. பசுமைப் புரட்சிக்குக் காட்டப்பட்ட அவசரத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

அதே ஆண்டுகளில் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் காட்சி வேறு. 1961 முதல் கேர் என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனம் மதிய உணவுத் திட்டத்துக்குப் பால்பவுடரும் மக்காச்சோள ரவையும் சமையல் எண்ணெயும் தந்தது. அமெரிக்க உதவிப் பொருட்களின் மூட்டைகளிலும் தகர டின்களிலும் இரண்டு கைகள் குலுக்கிக்கொள்ளும் சின்னம் இருந்தது. மஞ்சள் உப்புமாவின் வாசனையை மறக்காத தலைமுறை ஒன்று தமிழ்நாட்டில் இன்றும் இருக்கிறது. அந்தத் தலைமுறையே 1971 டிசம்பரில், வங்கதேசப் போரின்போது அமெரிக்காவின் ஏழாவது கடற்படையிலிருந்து எண்டர்பிரைஸ் விமானந்தாங்கிக் கப்பல் வங்காள விரிகுடாவுக்கு ஏவப்பட்ட செய்தியை வானொலியில் கேட்டுக் கொதித்தது. இரண்டும் ஒரே மனதில் தங்கின. ஒன்று மற்றதை அழிக்கவில்லை. அமெரிக்காவைத் திட்டிக்கொண்டே பிள்ளையை அமெரிக்காவுக்கு அனுப்புகிறார்கள் என்று கெய்ரோ மக்களையும் சென்னை மக்களையும் கேலி செய்வோர் இதை இரட்டை வேடம் என்கிறார்கள். அது இரட்டை வேடமல்ல. 2002-ல் ஸாக்பி நிறுவனம் அரபு நாடுகளில் நடத்திய கருத்துக் கணிப்பும் இதையே காட்டியது: அமெரிக்கக் கல்வி, திரைப்படம், பொருட்கள் ஆகியவற்றுக்கு ஆதரவு தந்தவர்களே பாலஸ்தீனம் குறித்த அமெரிக்கக் கொள்கையை அடியோடு நிராகரித்தார்கள்.

புதுச்சேரிக்கு இதற்கான சான்றை வெளியே தேட வேண்டியதில்லை. 1936 ஜூலை 30 அன்று சவானா ஆலைத் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சுக் காவலர்கள் சுட்டதில் 12 பேர் இறந்தனர். அப்போது பாரிசில் ஆட்சியில் இருந்தது இடதுசாரி மக்கள் முன்னணி. தன் நாட்டுத் தொழிலாளர்களுக்கு உரிமைகளை அள்ளிக் கொடுத்த அந்த அரசின் கொடிக்குக் கீழேதான் இங்கே துப்பாக்கி வெடித்தது. தொழிற்சங்கத் தலைவர் வ. சுப்பையா பாரிசுக்கே சென்று, உங்கள் சட்டத்தை எங்களுக்கும் கொடுங்கள் என்று வாதாடினார். 1937-ல் எட்டு மணி நேர வேலைச் சட்டம் வந்தது. பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்தவர்கள் பிரெஞ்சுப் புரட்சியின் மொழியிலேயே எதிர்த்தார்கள். வில்சனின் தன்னுரிமைக் கொள்கையைக் கையில் வைத்துக்கொண்டு அரபு அறிவாளர்கள் அமெரிக்காவை ஏன் குற்றம் சாட்டினார்கள் என்பதை இதைவிட எளிதாக விளக்கிவிட முடியாது. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் கூடிய மக்கள் பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களித்தார்கள். எட்டுப் பேர் எதிர்த்தார்கள். நவம்பர் 1-ல் நிர்வாகம் கைமாறியது, 1962-ல் சட்டப்படியும் முடிந்தது. அதன்பின் பிரெஞ்சு எதிர்ப்பு என்ற ஒன்று புதுச்சேரியில் எங்கே போனது? ஜூலை 14-ல் கடற்கரைப் போர் நினைவுச் சின்னத்துக்கு விளக்கு போடுகிறார்கள்.  வாக்களிப்பு நடந்த கீழூரில்கூடப் பிரான்சைத் திட்டும் ஒருவரைத் தேடிப் பிடிப்பது கடினம். ஆட்சி போயிற்று, அதோடு பகையும் போயிற்று. கொள்கை மாறினால் வெறுப்பும் வடியும் என்பதற்கு இது நல்ல சான்று. ஆனால் முழுச் சான்று அல்ல. பிரான்சு விட்டுப் போய்விட்டது. அமெரிக்கா அரபு உலகை விட்டு இன்னும் போகவில்லை.

உணர்வு எப்படி உண்டாகிறது என்பதற்கு இவை போதும். உணர்வு எப்போது வெடிக்கிறது என்பது தனிக் கேள்வி. விவாதத்தில் ஈடுபட்ட பெரும்பாலோர் இரண்டையும் குழப்பிக்கொண்டார்கள். 2012-ஆம் ஆண்டின் இரண்டு நிகழ்ச்சிகள் இதைத் தெளிவாக்கும். இரண்டும் தமிழர்களோடு தொடர்புடையவை.

முதலாவது ஜூலை 16 அன்று நடந்தது. துபாயின் ஜெபல் அலி துறைமுகத்துக்கு அப்பால் சென்ற ராப்பஹானக் என்ற அமெரிக்கக் கடற்படையின் எரிபொருள் கப்பலிலிருந்து, ஒரு சிறிய மீன்பிடிப் படகின் மீது கனரகத் துப்பாக்கியால் சுட்டார்கள். படகில் கூலிக்கு மீன்பிடித்துக்கொண்டிருந்த தமிழ்நாட்டு மீனவர்களில் ராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த ஒருவர் இறந்தார், மூவர் காயமடைந்தனர். பலமுறை எச்சரித்தும் படகு நெருங்கி வந்தது என்றது அமெரிக்கக் கடற்படை. எச்சரிக்கை எதுவும் வரவில்லை என்றார்கள் உயிர் தப்பியவர்கள். படகு தன் வழியிலேயே சென்றது என்றார் துபாய் காவல்துறைத் தலைவர். சின்னப் படகைக் கண்டு பெரிய கப்பல் ஏன் அஞ்ச வேண்டும்? 2000 அக்டோபரில் ஏமனின் ஏடன் துறைமுகத்தில் வெடிமருந்து ஏற்றிய சிறு படகொன்று கோல் என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் மீது மோதி 17 மாலுமிகளைக் கொன்றது. அதிலிருந்து நெருங்கும் படகுகள் எல்லாமே சந்தேகத்துக்கு உரியவை. அரபு உலகின் அமெரிக்க எதிர்ப்பும் அதற்கு அமெரிக்கா வகுத்த பாதுகாப்பு விதிகளும் சந்தித்த இடத்தில், இரண்டோடும் சம்பந்தமே இல்லாத ஒரு ராமநாதபுரத்துக்காரர் அகப்பட்டுக்கொண்டார்.

கண்டனங்கள் வந்தன. செய்தி சில நாள் ஓடியது. அவ்வளவுதான். கொல்லப்பட்டவர் தமிழர், சுட்டது அமெரிக்கக் கடற்படை, மன்னிப்புக் கேட்க வைக்க எல்லா நியாயமும் இருந்தது. ஆனாலும் இரண்டு மாதம் கழித்து வேறொரு காரணத்துக்காகத் திரண்டதைப் போன்ற கூட்டம் அப்போது திரளவில்லை.

இரண்டாவது செப்டம்பர் 14, வெள்ளிக்கிழமை. கலிபோர்னியாவில் குறைந்த செலவில் எடுக்கப்பட்டு நபிகள் நாயகத்தை இழிவுபடுத்திய ஒரு படத்தின் முன்னோட்டம் ஜூலையிலேயே யூடியூபில் ஏறியிருந்தது. அரபு மொழியில் ஒலிமாற்றம் செய்யப்பட்டு, எகிப்தியத் தொலைக்காட்சி ஒன்றில் காட்டப்பட்ட பிறகே அது உலகுக்குத் தெரிந்தது. செப்டம்பர் 11-ல் கெய்ரோத் தூதரகச் சுவரில் ஆட்கள் ஏறினர். அன்றிரவு லிபியாவின் பெங்காசியில் ஆயுதக்குழுவின் தாக்குதலில் அமெரிக்கத் தூதர் கொல்லப்பட்டார். மூன்று நாள் கழித்து, சென்னை ஜெமினி மேம்பாலத்தை ஒட்டிய அமெரிக்கத் துணைத் தூதரகத்தின் முன் தமிழ்நாடு முஸ்லிம் முன்னேற்றக் கழகத்தினர் (த.மு.மு.க.) கூடினார்கள். கற்கள் பறந்தன, கண்ணாடிகள் நொறுங்கின, ஒபாமாவின் உருவபொம்மை எரிந்தது. அடுத்த நாட்களில் வெவ்வேறு அமைப்புகள் ஆயிரக்கணக்கில் ஆட்களைத் திரட்டின. அண்ணா சாலையில் போக்குவரத்து மணிக்கணக்கில் நின்றது. விசாப் பிரிவு தற்காலிகமாக மூடப்பட்டது. மாநகரக் காவல் ஆணையர் மாற்றப்பட்டார்.

காயத்தின் அளவை வைத்துக் கோபத்தின் அளவைக் கணக்கிட முடியாது என்பதை இந்த இரண்டு நிகழ்ச்சிகளும் காட்டுகின்றன. கூலிக்காரர் ஒருவரின் சாவு ஒரு குடும்பத்தின் துயரமாக நின்றுவிட்டது. நபிகளின் பெயர் ஒரு சமூகம் முழுவதையும் ஒரே நொடியில் தொட்டது. இது ஒரு காரணம். இன்னொரு காரணம் அமைப்புகளின் போட்டி. 1995-ல் தோன்றிய த.மு.மு.க.விலிருந்து 2004-ல் தமிழ்நாடு தவ்ஹீத் ஜமாஅத் பிரிந்தது, த.மு.மு.க.வின் அரசியல் பிரிவான மனிதநேய மக்கள் கட்சி 2011-ல் சட்டமன்றத்தில் இரண்டு இடங்களைப் பிடித்திருந்தது. ஒரே மக்களிடம் செல்வாக்குத் தேடும் அமைப்புகள் பல இருக்கும் இடத்தில், நபிகளின் மானம் காக்கும் போராட்டத்தில் ஒன்று முதல் அடி வைத்தால் மற்றவை வீட்டில் உட்கார முடியாது. நான்கே மாதத்தில், 2013 ஜனவரியில், ஆப்கானிஸ்தானையும் நியூயார்க்கையும் களமாகக் கொண்ட கமல்ஹாசனின் விஸ்வரூபம் படத்துக்கு எதிராக இருபதுக்கும் மேற்பட்ட முஸ்லிம் அமைப்புகள் கூட்டாக நின்றன. மாநில அரசு தடை விதித்தது. சில காட்சிகளில் திருத்தம் செய்யப்பட்டு பிப்ரவரி 7-ல்தான் படம் தமிழ்நாட்டில் வெளிவந்தது. செப்டம்பரில் பழகிய கைகள் ஜனவரியில் எளிதாகக் கோத்துக்கொண்டன என்று கொள்வதில் தவறில்லை.

லிசா பிளேட்ஸும் ட்ரூ லின்சரும் 2012-ல் வெளியிட்ட ஆய்வு முஸ்லிம் நாடுகள் பலவற்றின் கருத்துக் கணிப்புகளை ஒப்பிட்டு ஏறத்தாழ இதே முடிவுக்கு வந்தது: மதச்சார்பற்ற தலைவர்களுக்கும் மதத் தலைவர்களுக்கும் போட்டி கடுமையாக உள்ள நாடுகளில் அமெரிக்க எதிர்ப்பு கூடுதலாக இருந்தது. இது மதத்துக்கு மட்டும் உரிய இயல்பு என்று நினைப்பது பிழை. 2007 ஜூலையில் நிமிட்ஸ் என்ற அணுசக்தி விமானந்தாங்கிக் கப்பல் சென்னைக்கு அப்பால் நங்கூரமிட்டபோது எதிர்த்தவர்கள் கம்யூனிஸ்டுக் கட்சிகளும் எதிர்க்கட்சியாக இருந்த அ.தி.மு.க.வும். இடதுசாரிகள் ஏகாதிபத்தியம் பற்றிப் பேசினார்கள். ஜெயலலிதா கதிர்வீச்சு அபாயம் பற்றிப் பேசினார். மத்தியில் கூட்டணி ஆட்சியில் பங்கு வகித்த தி.மு.க. தெருவுக்கு வரவில்லை. கப்பல் ஒன்றே, எந்தக் கட்சி எங்கே நின்றது என்பதைக் கப்பல் தீர்மானிக்கவில்லை.

உணர்வும் வெடிப்பும் வேறு என்பதற்கு இதுவரை கிடைத்துள்ளவற்றில் தெளிவான அளவீடு துனீசியாவிலிருந்து வந்தது. அரபு பாரோமீட்டர் என்ற ஆய்வுக் குழு 2023 செப்டம்பர் 13 முதல் நவம்பர் 4 வரை அங்கே கருத்துக் கணிப்பு நடத்திக்கொண்டிருந்தது. அக்டோபர் 7-ல் ஹமாஸ் இஸ்ரேலைத் தாக்கியதும், காசா போர் தொடங்கியதும் தற்செயலாக அந்த இடைவெளியில் விழுந்தன. அதற்கு முன் 1,146 பேரிடமும் அதற்குப் பின் 1,260 பேரிடமும் பேசி முடித்திருந்தார்கள். அமெரிக்காவைப் பற்றி நல்ல கருத்து வைத்திருந்தவர்கள் முன்பு நூற்றுக்கு 40. கணிப்பு முடிந்தபோது 10. ஒரு சில வாரங்களில் எந்த நாட்டின் மதமும் பண்பாடும் மாறுவதில்லை. நாள்தோறும் குண்டுவீச்சுக் காட்சிகளும் இஸ்ரேலுக்கு வாஷிங்டனின் ஆதரவுச் செய்திகளும் வந்துகொண்டிருந்தன. புதிதாக வந்தவை அவைதான்.

துனீசியத் தலைநகர் துனீசுக்கு இன்னொரு தேதியும் உண்டு: சென்னையில் கல் விழுந்த அதே 2012 செப்டம்பர் 14. அன்று அங்கே கூட்டம் அமெரிக்கத் தூதரக வளாகத்துக்குள் புகுந்து வாகனங்களைக் கொளுத்தியது. எதிரே இருந்த அமெரிக்கப் பள்ளியும் எரிந்தது. புரட்சி முடிந்து இருபது மாதமே ஆகியிருந்தது, தீவிரச் சலஃபிக் குழுக்கள் வெளிப்படையாக ஆள் திரட்டின, காவல்துறை தடுமாறியது. 2023-ல் அமெரிக்காவை விரும்புவோர் பத்தில் ஒருவராகக் குறைந்தபோது ஊர்வலங்களும் முழக்கங்களும் இருந்தன. தூதரகத்துக்குள் யாரும் நுழையவில்லை. அதிபர் கைஸ் சயீதின் அரசே பாலஸ்தீனத்துக்காக உரக்கப் பேசியது. தெருவும் அதன் பிடியில் இருந்தது.